செம்பும் தோன்றா எழுவாயும்

என்னை ஜோசியன் என்று சொல்வதை இனி நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை.

போன மாதம் எனக்குப் பணி நிறைவு விழா நடந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் வார்ப்பாலையின் கேன்டீனில்தான். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், மிக்சர், காபி. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பின் வந்த இளம் என்ஜினியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். நல்ல பிள்ளை, புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். "காதர் பாய் சார் சாதாரண ஆள் இல்லீங்க. ஒரு காலத்துல நம்ம உலையில செம்பு விளைஞ்சப்போ, நட்சத்திரம் பாத்து, தோஷம் சொல்லி, ஹோமம் பண்ண வெச்சு கம்பெனியையே காப்பாத்தினவரு" என்றார். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல் வேறு.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த திம்மராயன். எங்கள் ஆலையில் உலைக்காரராக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். கெலமங்கலம் பக்கம் தக்காளி போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். அந்தச் செம்பு 'விளைந்த' உலை அவருடைய உலை. காபியைத் தொடாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் சால்வையும் மாலையுமாகப் பின்னால் ஓடினேன்.

"விடுங்க பாய்" என்றார். "நான் செத்தாலும் இந்தப் பேரு போவாது. செம்பு விளைவிச்சவன் செத்துட்டான்னுதான் சொல்லுவானுங்கோ. நீங்க எழுதத் தெரிஞ்சவரு. நடந்தது நடந்தாப்ல எழுதுங்க. யாரு செஞ்சாங்கோன்னு எழுதுங்க."

எழுதுகிறேன். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். முப்பது சொச்சம் வருடம் உலை பக்கத்திலேயே இருந்தவன் நான், எனக்கு அது தெரியாதா? இருந்தாலும் எழுதுகிறேன்.

என் அப்பா கிருஷ்ணகிரியில் பழைய இரும்பு வியாபாரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடைக்குப் பின்னால் குவியலில் உட்கார்ந்து இரும்பு தனி, பித்தளை தனி, செம்பு தனி, ஈயம் தனி என்று பிரிப்பதுதான் எங்கள் வேலை. பிறகு கல்லூரியில் வேதியியல் படித்தேன். அங்கே வாத்தியார் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைக் காட்டியபோது எனக்கு அப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. ஓசூரில் ஆலைகள் வரத் தொடங்கிய காலத்தில் இந்த வார்ப்பாலையில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் அமிலமும் குடுவையுமாகப் போயின. ஒரு மாதிரியில் எத்தனை கார்பன், எத்தனை மாங்கனீசு என்று சொல்வதற்குள் உருகிய இரும்பு உலையில் காத்துக் காத்துக் கெட்டுப்போகும். அதனால்தான் எண்பதுகளில் ஸ்பெக்ட்ரோ மெஷின் வாங்கினார்கள்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலையில் இரும்பு உருகியதும் உலைக்காரர் கரண்டியில் மொண்டு ஒரு சிறிய அச்சில் ஊற்றுவார். அந்த அச்சு செம்பால் ஆனது. செம்பு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மாதிரி உடனே இறுகிவிடும். இடுக்கியில் பிடித்து, தண்ணீரில் சொய்யென்று முக்கி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். நான் அதன் முகத்தைக் கல்லில் பிடித்துத் தேய்ப்பேன். விரல் ரேகைகூடப் படாமல் மேடையில் கவிழ்த்து, ஆர்கான் வாயுவைத் திறந்து, பொறி அடிப்பேன். பொறியில் ஆவியாகும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் எரியும். மெஷின் அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, இன்னின்னது இவ்வளவு என்று அச்சடித்துத் தரும். மூன்று இடத்தில் அடிக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அவசரம் என்று யார் வந்து கதவைத் தட்டினாலும் நான் மூன்றில் ஒன்றைக் குறைத்ததில்லை.

மெஷினைப் பொருத்த பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் என்ஜினியர் சொன்னார்: "நீங்க பொறியைப் பாக்கறீங்க. இதே மாதிரிதான் நட்சத்திரத்தையும் பாக்கறாங்க. ஹீலியத்தை முதல்ல பூமியில கண்டுபிடிக்கலை சார். சூரிய ஒளியிலதான் கண்டுபிடிச்சாங்க." எனக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. என் மனைவியின் ஊர் ஊத்தங்கரை. ஒரு முறை மாமனார் வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்து திருப்பத்தூர் போய்ப் பஸ் மாறி, ஜவ்வாது மலையில் இருக்கும் வானாய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். விருந்தாடப் போன இடத்தில் மாப்பிள்ளை மலையேறப் போய்விட்டார் என்று இன்று வரை அந்த வீட்டில் கேலி உண்டு. அங்கே இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், நான் வார்ப்பாலை ஆள் என்று தெரிந்ததும், ஒரு மரத்தடியில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

ஆதியில் எல்லாம் ஒரே கொதிப்பாக இருந்த முதல் சில நிமிடங்களில் உண்டானது ஹைட்ரஜனும் ஹீலியமும், துளியூண்டு லித்தியமும் மட்டும்தான். மிச்சமெல்லாம் பிற்பாடு நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்தவை. ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம், அது எரிந்து கார்பன், ஆக்சிஜன், அப்புறம் சிலிக்கான் என்று மேலே மேலே போகும். ஒவ்வொரு படியிலும் நட்சத்திரத்துக்கு வருமானம் உண்டு, வெளிச்சமாகச் செலவழிக்கும். இரும்பு வந்ததும் வருமானம் நின்றுவிடும். இரும்புக்கு மேலே செம்போ, தகரமோ, தங்கமோ வேண்டுமென்றால் கைமுதலைப் போட வேண்டும். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்களுக்குள், இரும்பின் கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாக வாங்கி விழுங்கி, மெதுமெதுவாகத்தான் செம்பு ஆகும். கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில். கடைசியில் அந்த நட்சத்திரம் வெடித்துச் சிதறினால்தான் அது வெளியே வரும்.

பஸ்ஸில் திரும்பும்போது நடத்துநரின் பையில் குலுங்கிய சில்லறையைக்கூட நான் மரியாதையோடு பார்த்தேன். இதைத் திம்மராயனிடம் சொன்னேன். அவர் உலையைக் கன்னடத்தில் திட்டுவார், என்னோடு தமிழில் பேசுவார், கோபம் தலைக்கேறினால் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்று கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உலையை எட்டிப் பார்த்தார். "அப்போ இது எரிஞ்சு முடிஞ்ச சாம்பலுங்களா பாய்? சாம்பலையா நான் இத்தினி வருசமா காச்சிகினு இருக்கறேன்?" என்றார்.

இனி சந்திரமோகனுக்கு வருகிறேன். அவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. நாற்காலியில் உட்காரும் முன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். அவருடைய விசேஷம் அவருடைய வாக்கியங்களில் இருந்தது. யார் செய்தது என்பது அவர் பேச்சில் வரவே வராது. அவர் கை பட்டு டீ கொட்டினால், "டீ கொட்டிடுச்சு" என்பார். அவர் ஒருவரின் விடுமுறையை மறுத்தால், "லீவு கேன்சல் ஆயிடுச்சு" என்பார். ஒரு வார்ப்பு மேஸ்திரியை வேலையைவிட்டு அனுப்பியபோது, "அவர் விலகற மாதிரி ஆயிடுச்சு" என்றார். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் வாத்தியார் தோன்றா எழுவாய் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். வாக்கியத்தில் எழுவாய் மறைந்து நிற்கும், நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சந்திரமோகன் அந்த இலக்கணத்தை வைத்துத்தான் ஆலையை நடத்தினார்.

அதுவரை எங்கள் உலைக்குப் பக்கத்து ஆலைகளின் தகட்டுக் கழிவு வந்துகொண்டிருந்தது. சுத்தமான எஃகுத் துண்டுகள். சந்திரமோகன் அதை நிறுத்திவிட்டு, அழுத்திக் கட்டிய ஸ்கிராப் கட்டுகளை வாங்கினார். பழைய வண்டிகளையும் சாமான்களையும் மெஷினில் போட்டு நசுக்கி, பெரிய செங்கல் மாதிரி கட்டியிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. விலை குறைவு. தலைமை அலுவலகத்தில் அதற்காக அவருக்குப் பாராட்டுக் கிடைத்தது. முதல் லாரி வந்து இறங்கிய அன்றே திம்மராயன் ஒரு கட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, ஷெட் நடுவில் நின்று சந்திரமோகனிடமே சொன்னார்: "சார், இது வேணாம் சார். உள்ள இன்னா கீதுன்னு தெரியாதத பர்னஸ்ல போடக்கூடாது. நான் போட மாட்டேன்."

"கட்டு போட்டாகணும்னு முடிவாயிடுச்சு, திம்மராயன்" என்றார் அவர்.

சில வாரங்களில் என் மெஷினில் செம்பு ஏறத் தொடங்கியது. மூன்று பொறியும் ஒன்றுபோலவே சொல்லிற்று. நாங்கள் அப்போது லாரிச் சக்கரத்தின் நடுவில் வரும் ஹப் வார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வார்ப்பு மெத்தென்று இருக்க வேண்டும், செம்பு கூடினால் கடினமாகிவிடும். நான் ஒவ்வொரு முறையும் சந்திரமோகனிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று அதிலும் இல்லை. ஹப்பை வாங்கிய கம்பெனியில் துளை போடும் கருவிகள் வரிசையாக உடைந்தன. வார்ப்புகள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன.

நானும் திம்மராயனும் கடப்பாரை போட்டு ஒரு கட்டை நெம்பிப் பிரித்தோம். உள்ளே நசுங்கிய ஸ்டார்ட்டர் மோட்டார்கள். சுற்றிய கம்பியோடு அப்படியே இருந்தன. எனக்கு அதைப் பார்க்கத் தராசு வேண்டாம், மெஷின் வேண்டாம். அப்பாவின் கடையில் பத்து வயதில் அந்தச் சிவப்பைப் பார்த்தவன் நான். மோட்டாரைப் பிரித்துச் செம்பை எடுக்க ஆள் கூலி ஆகும் என்று சோம்பல்பட்டு, யாரோ மொத்தமாக நசுக்கித் தள்ளியிருக்கிறார்கள். சந்திரமோகனைக் கூட்டிவந்து காட்டினேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "சரி, பாத்தாச்சு" என்றார். மறுநாள் அந்தக் கட்டு அங்கே இல்லை. கேட்டால், "போயிடுச்சு."

அதற்கு அடுத்த நாள் திம்மராயனுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியும் விட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் மேஜையில் அதை வீசினார். "படிங்க பாய்" என்றார். அதில் இருந்தது இதுதான்: உலையை அளவுக்கு மீறிச் சூடாக்கி, கவனக்குறைவால் உலோகத்தில் செம்பு உருவாகக் காரணமாக இருந்தீர்.

நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். செம்பு உருவாக! ஐயா, உலகத்தில் எத்தனையோ பேர் இரும்பைத் தங்கமாக்குகிறேன் என்று கிளம்பி ஆயுளைத் தொலைத்தார்கள். அவர்களால் ஆகாததை, கெலமங்கலத்து ஆள் ஒருவர் கவனக்குறைவாலேயே செய்து முடித்துவிட்டாராம். அப்படி ஆகுமானால் அவருக்குச் சிலையல்லவா வைக்க வேண்டும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? அதிலும் கேழ்வரகு விளைகிற எங்கள் ஊரிலேயே வந்து சொன்னார்கள்.

இந்தப் புளுகுக்கு ஒரு சின்ன ஆதாரம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உலையின் உள்பூச்சு வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லின் தூளால் ஆனது, அதில் சிலிக்கான் உண்டு. இரும்பை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் பூச்சிலிருந்து சிலிக்கான் இரும்புக்குள் இறங்கும். ஆட்கள் அதைச் 'சிலிக்கான் ஏறிடுச்சு' என்பார்கள். சந்திரமோகன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் அறைக்குப் போய்க் கத்தியபோது, "சிலிக்கான் ஏறும்போது காப்பர் ஏறாதா, காதர்? ரெண்டும் எலிமென்ட்தானே?" என்று சாந்தமாகக் கேட்டார். அவர் பொறியியல் பட்டதாரி. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார் என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

"நான் திம்மராயனுக்குச் சாட்சி சொல்லப் போறேன் சார்" என்றேன்.

"அப்புறம் உங்க ப்ரமோஷன் நின்னுடலாம்" என்றார். நின்றுவிட்டது. அது கிடக்கட்டும்.

விசாரணை, விருந்தினர் அறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் கம்பெனி அமர்த்திய ஒரு வக்கீல். சாப்பிட்டுவிட்டு வந்த களைப்பில் இருந்தார். பக்கத்தில் எழுதிக்கொள்ள அலுவலக கிளார்க். எதிரே திம்மராயன், கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வேலை போனால் அந்தச் சம்பந்தமும் போகும்.

"உலையில செம்பு உருவாகாதுன்னு சொல்றீங்க" என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"உருவாகாது சார்."

"சிலிக்கான் உருவாகுதே?"

"அதுவும் உருவாகறதில்லை. பூச்சுல இருக்கறது இரும்புக்குள்ள இடம் மாறுது. பூச்சுல செம்பு கிடையாது."

"உலையைச் சுத்தி இருக்கற கரண்ட் சுருள், அந்தக் காயில், செம்புதானே? அது உருகியிருந்தா?"

நல்ல கேள்வி. யாரோ எழுதிக்கொடுத்த கேள்வி. "காயிலுக்குள்ள தண்ணி ஓடுது சார். அது உருகித் தண்ணி இரும்புல பட்டிருந்தா, வெடிச்சு, எங்க ஷெட்டு கூரையைப் பேரிகை ஊருக்குப் போய்த் தேடணும். நாங்க யாரும் இங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

"மாதிரி ஊத்தற அச்சே செம்புன்னு சொல்றாங்களே?"

"மெஷின் வந்த நாள்ல இருந்து அதே அச்சுதான் சார். இத்தனை நாள் வராத செம்பு, கட்டு வந்த பிறகு ஏன் வருது? யார்டுக்கு வாங்க. ஒரு கட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டறேன்."

"கட்டு குற்றப்பத்திரிகையில இல்லை. அது கொள்முதல் சமாச்சாரம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்: "உலையில உருவாகாது, உருவாகாதுங்கறீங்க. எங்கயாவது உருவாகித்தானே ஆகணும்? பின்ன செம்பு எங்கதான் உருவாகுது?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நட்சத்திரத்துல சார்."

வக்கீலின் தூக்கம் கலைந்தது. "நட்சத்திரத்துலயா?"

"ஆமாம் சார். இரும்பு வரைக்கும் ஒரு கணக்கு. இரும்புக்கு மேல செம்பு உண்டாகணும்னா நட்சத்திரம் இல்லாம நடக்காது."

"எந்த நட்சத்திரம்?"

"இதுதான்னு இல்லை சார். பெரிய நட்சத்திரமா இருக்கணும். சூரியன் பத்தாது."

"சூரியன் பத்தாதா? பலம் பத்தாதுங்கறீங்களா?"

"எடை பத்தாது சார். அந்தச் சூட்டுக்கு நம்ம உலை எந்த மூலைக்கு?"

கிளார்க் தலையைத் தூக்கி, "மூல நட்சத்திரமாங்க?" என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று சொல்வதற்குள் வக்கீல் கை காட்டி நிறுத்திவிட்டார். "போதும். எழுதிக்கோப்பா. செம்பு தோன்றுவதற்கு நட்சத்திரமே காரணம் என்று சாட்சி சொல்கிறார்."

வார்த்தைக்கு வார்த்தை சரி. அதுதான் கொடுமை. அதில் நான் எதைத் திருத்துவது? திருத்த வாயெடுத்தேன். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, நேரமாச்சு" என்றார்.

வெளியே வந்ததும் திம்மராயன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பாய், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆளுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க நட்சத்திரம் வரைக்கும் போயிட்டீங்களே!"

"அவர்தானே கேட்டார்?" என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். கேட்டார், உண்மையைச் சொன்னேன். காதில் விழுந்தது வேறு என்றால் அது என் குற்றமா?

விசாரணை அறிக்கை முதலாளியிடம் போனது. முதலாளி ராகு காலத்தில் காசோலையில்கூடக் கையெழுத்துப் போடாதவர். ஆய்வுக்கூட ஆளே நட்சத்திர தோஷம் என்று சொல்லிவிட்டான் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நவக்கிரக ஹோமம் நடத்த உத்தரவு வந்தது. திம்மராயனுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. எப்படி என்று பாருங்கள். குற்றம் நிரூபணம் ஆகியிருக்கிறது, ஆனாலும் நிலைமையைக் கருதி மன்னிக்கப்படுகிறது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஒரு வரி அவர் பேரில் ஒட்டிக்கொண்டு, அவர் கடைசி வரை உலையை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் ஆகவில்லை. அவரிடம் வேலை பழகியவர்கள் ஆனார்கள்.

ஹோமத்தன்று உலையை அணைத்தார்கள். ஒரு தொழிலாளிக்கு முழங்கை வரை வெந்தபோது அணைக்காத உலை அது. ஷெட்டில் மாவிலைத் தோரணம், கோலம், புகை. சந்திரமோகன் கைக்குட்டை விரித்து முன்வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உலைக்காரர் என்பதால் திம்மராயனை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். ஹோமம் நடத்திய ஐயர் வெளியிலிருந்து வந்த சாதுவான மனிதர். அவருக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது.

"பேரு?"

"திம்மராயன்."

"நட்சத்திரம்?"

"எங்கம்மா எழுதி வெக்கலை சாமி. அதோ அந்த பாயைக் கேளுங்க, நட்சத்திரத்துக்கு அவருதான் ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். திம்மராயன் சிரிக்கவில்லை. ஐயருக்கு முன்னால் நூல் சுற்றிய கலசம் இருந்தது. நல்ல செம்புக் கலசம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. திம்மராயன் அதைக் காட்டினார்.

"சாமி, இந்தச் செம்பு எங்க கிடைச்சுது?"

"பஜார்ல. பாத்திரக் கடையில."

"கடையிலதான் வாங்கணுங்களா? இரும்புச் சட்டிய அடுப்புல வெச்சு நல்லாக் காச்சினா, உள்ள செம்பு விளையாதுங்களா?"

ஐயர் குழம்பிப்போனார். "என்னப்பா இது? அடுப்புல காய்ச்சினா எப்படிச் செம்பு வரும்? யாராவது கொண்டுவந்து போட்டாத்தான் வரும்."

ஹோம குண்டத்தில் நெய் சடசடத்தது. திம்மராயன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி முன்வரிசையைப் பார்த்தார். நான் சந்திரமோகனைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் ஆயிடுச்சு" என்றார். "பூசணிக்காய் உடைச்சிடலாமே."

உடைத்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். ஹோமம் முடிந்த அந்த வாரமே யார்டில் மிச்சமிருந்த கட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பினார் சந்திரமோகன். பழையபடி தகட்டுக் கழிவு வந்தது. என் மெஷினில் செம்பு இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஊர் முழுக்க ஹோமத்தின் மகிமை. எனக்கு வந்த பேர் அதைவிட மோசம். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் ஆய்வுக்கூட ஜன்னலில் ஜாதகத்தை நீட்டினார்கள். "பொண்ணுக்கு ஆயில்யம், பாய் சார், மாமியாருக்கு ஆகாதாமே?" என்று ஒருவர் கேட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் தனியே அழைத்து, "ஜோசியம் பார்க்கறீங்களாமே, நம்ம மார்க்கத்துல கூடாதுன்னு தெரியாதா தம்பி?" என்றார். ஜாதகமே எழுதாத வீட்டில் பிறந்தவன் நான். அவருக்கு நியூட்ரானைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க, செருப்பைத் தேடி எடுப்பதற்குள் முடியுமா?

சந்திரமோகன் பிறகு பெரிய பதவிக்கு மாறிப்போனார். அவருடைய பிரிவு உபசாரத்தில், "இங்க நிறைய நல்லது நடந்துச்சு" என்று பேசினார்.

நான் இத்தனை வருடம் யோசித்ததில் ஒன்று தெரிகிறது. அந்த மலையில் மரத்தடியில் கேட்ட கணக்கில், எதுவும் சும்மா 'ஆயிடுச்சு' என்று ஆனதில்லை. ஹைட்ரஜன் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது. கார்பனை எது சமைத்தது. செம்பை எந்த மாதிரி நட்சத்திரம், எந்தச் சூட்டில், எதிலிருந்து செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்ல முடிகிறது. அத்தனை பெரிய வானத்தில் நடந்ததற்கு எழுவாய் உண்டு. ஓசூரில் ஒரு ஷெட்டுக்குள் நடந்ததற்கு மட்டும் இல்லையாம்.

ஆகவே, திம்மராயன் கேட்டபடி எழுதி முடிக்கிறேன். அந்த இளம் என்ஜினியர் இதைப் படிக்க வேண்டும், அன்று கேன்டீனில் கைதட்டிய எல்லோரும் படிக்க வேண்டும். எங்கள் உலையில் செம்பு விளையவில்லை. செம்பு இருந்த கட்டுகளைச் சந்திரமோகன் வாங்கினார். அவற்றை உலையில் போடும்படி சந்திரமோகன் உத்தரவிட்டார்.

வேண்டாம் என்று சொன்னவர் திம்மராயன்.